பாட்டியிடம் கேட்காத கேள்வி

பல்கலைக்கழக விடுமுறைக்குத் திரிங்காப் திரும்பியபோது என் பையில் ஒரு நூல் இருந்தது. தமிழினி எழுதிய ‘ஒரு கூர்வாளின் நிழலில்’. இரண்டே இரவுகளில் படித்து முடித்தேன்.

தமிழினியின் இயற்பெயர் சிவகாமி. இலங்கையின் பரந்தனில் 1972இல் பிறந்தவர். மாணவியாக இருந்தபோதே 1991இல் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து, பின்னர் மகளிர் அரசியல் துறைப் பொறுப்பாளரானார். 2009இல் போர் முடிந்தபோது கைதாகி, சிறையிலும் புனர்வாழ்வு முகாமிலும் இருந்து 2013இல் விடுதலையானார். 2015 அக்டோபரில் புற்றுநோயால் காலமானார். நூல் மறு ஆண்டுதான் வெளிவந்தது. சிங்களத்திலும் மொழிபெயர்க்கப்பட்டது.

எதிர்த்தரப்பை மட்டுமே குறைகூறும் நூலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவரோ தம் இயக்கத்தையும் தம்மையும் சேர்த்தே கேள்வி கேட்கிறார். அது சிலருக்குக் கோபத்தைத் தந்தது. வேறு சிலர், எல்லாம் அவர் எழுதியதுதானா என்று சந்தேகப்பட்டார்கள். பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை.

அப்போதுதான் என் பாட்டியின் நினைவு வந்தது. அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

நம் நாட்டிலும் 1948 முதல் 1960 வரை அவசரகாலம் இருந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகாமல் தடுக்க, 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் ஏறக்குறைய 5 லட்சம் பேர் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டார்கள். தோட்டத்து லயங்களைச் சுற்றியும் வேலி வந்தது. இதை ‘டாருராட்’ என்று மலாயில் மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவன் நான். பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மறுநாள் கேட்டேன்.

“அம்மா கொழுந்து எடுக்கப் போவாங்க. கேட்டுல சோதனை போடுவாங்க. சோறு கொண்டு போகக்கூடாது. பசியோட வேலை செஞ்சிட்டு வந்துதான் சாப்பிடுவாங்க” என்றார். பிறகு மெதுவாக, “எனக்கு ஒரு அண்ணன் இருந்தாரு, ராசா. ஒரு நாள் போனவரு, திரும்பி வரலை” என்றார்.

இருபது வயதுவரை எனக்குத் தெரியாத செய்தி அது. அப்பாவுக்கும் தெரியாதாம்.

எந்தப் பக்கம் போனார், யார் கொண்டுபோனார்கள் என்று கேட்டேன். பாட்டி பேசவில்லை. தேநீர் ஆறிப்போகும்வரை காத்திருந்தேன். கைப்பேசியில் பதிவு செய்யட்டுமா என்றதற்கு, “நாளைக்குச் சொல்றேன். எழுதிக்க. பேரு மட்டும் போடாத” என்றார்.

நண்பர்களே, நம் வீட்டுப் பெரியவர்கள் பதில் சொல்ல இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். நான் ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கிவிட்டேன்.