இங்கிலிஷ் டீச்சரா, இங்கிலாந்து டீச்சரா?

"எங்க அத்தை பொண்ணு இங்கிலிஷ் டீச்சர்." இதையே ஒரு லண்டன்காரர்கிட்ட ஆங்கிலத்தில சொல்றீங்கன்னு வெச்சுக்கோங்க. ˈஇங்கிலிஷ் டீச்சர்னு முதல் சொல்லை அழுத்தினா, ஆங்கிலப் பாடம் நடத்தறவங்க. இங்கிலிஷ் ˈடீச்சர்னு இரண்டாவதை அழுத்தினா, இங்கிலாந்துல பிறந்த டீச்சர்! (அகராதிகள்ல இருக்கற மாதிரி, அழுத்தம் விழற அசைக்கு முன்னால சின்னக் கோடு போட்டிருக்கேன்.)

நாம ரெண்டையும் ஒரே எடையில சொல்லிட்டுப் போயிடுவோம். தமிழ்ல அழுத்தம் இடம் மாறினா சொல்லோட பொருள் மாறாது. ஆனா இந்த வேலையை நம்ம மொழி வேற வழியில செய்யுது. 'தந்த பலகை' யாரோ கொடுத்த பலகை; 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தில செஞ்சது. நமக்கு ஒரு ஒற்று செய்யறதை, ஆங்கிலத்துக்கு அழுத்தம் செய்யுது.

இரண்டு சொல் ஒட்டி ஒரு பொருளுக்குப் பெயராகிட்டா, அழுத்தம் பெரும்பாலும் முதல் பகுதிக்குப் போகும். ˈபிளாக்போர்டு வகுப்பறைப் பலகை, அது பச்சையாக்கூட இருக்கலாம். பிளாக் ˈபோர்டுன்னா வெறும் கறுப்புப் பலகை. சோம்ஸ்கியும் மோரிஸ் ஹாலேயும் 1968-ல வெளியிட்ட புத்தகத்தில இதைத் தனி விதியாவே எழுதியிருக்காங்க.

அசை பிரிக்கும்போது முதல்ல சொற்கள் ஒட்டின தையலைத் தேடுங்க. (நம்ம யாப்பிலக்கண அசை வேற. நிரையசையில ரெண்டு சிலபிள் இருக்கும்.) இரவுக் கட்டணம்னு பொருள்படற 'நைட் ரேட்'ல ட் முதல் பகுதியோடயே நின்னுடும். உரத்தில இருக்கற 'நைட்ரேட்'ல தையலே இல்ல. அங்கே ட், ர ரெண்டும் சேர்ந்து அடுத்த அசைக்குத் தாவும்: நை-ட்ரேட். ஆங்கிலேயர் வாயில அது கிட்டத்தட்ட 'ச்ர' மாதிரி ஒலிக்கும்.

பழைய கூட்டுச்சொற்கள்ல தையல் தேய்ஞ்சே போச்சு. கப், போர்டு ரெண்டும் சேர்ந்த சொல்லை அவங்க 'ˈகபர்ட்'னுதான் சொல்றாங்க, ப் காணோம். நாம எழுத்தைப் பார்த்துக் 'கப்போர்டு' ஆக்கிட்டோம். நம்ம போஸ்ட்மேனும் அங்கே 'ˈபோஸ்ட்மன்'தான்.

விதிக்கு அடங்காததும் நிறைய. ˈஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட், ஆனா பார்க் ˈஅவென்யூ. ஸ்ட்ரீட்னு முடியற தெருவுக்கு மட்டும் முன்னழுத்தம். ரோடு, அவென்யூ எல்லாத்துக்கும் பின்னழுத்தம். தின்பண்டத்திலயும் இதே கூத்து: ˈஆப்பிள் கேக், ஆப்பிள் ˈபை. ஏன்னு யோசிச்சு மண்டையை உடைச்சுக்காம, இதை மனப்பாடம் பண்ணிடுங்க.