செவியே முதல் ஆசான்



அதியமான்கோட்டைப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடிப் பெங்களூர் செல்லும் நம் இளைஞருள் சிலர், கன்னடப் பேச்சு காதில் விழுந்தும் பொருள் விளங்காமல் திகைக்கின்றனர். கட்டட வேலையில் மேஸ்திரியின் எச்சரிக்கை புரியாவிடில் உயிருக்கே ஆபத்தன்றோ?

செவியைப் பழக்குவதே வழி. நம் ‘பால்’ அங்கே ‘ஹாலு’, ‘பத்து’, ‘ஹத்து’, ‘பல்’, ‘ஹல்லு’. இவ்வொலி மாற்றத்தை உணர்ந்துவிட்டால் அந்நியச் சொற்கள் பல உறவாகிவிடும். புறப்படுமுன், உங்கள் பிள்ளைகள் நாள்தோறும் கால் மணி நேரம் கன்னட வானொலிச் செய்தியைக் கேட்கட்டும். பிடிபட்ட சொற்களைக் குறித்து, உரக்கச் சொல்லிப் பழகட்டும்.

போர்த்துக்கல் நாட்டு அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறை மக்களிடையே வாழ்ந்து தமிழ் கற்றார். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலை அச்சேற்றினார். கடல் கடந்து வந்தவருக்குக் கைகூடியது, அண்டை மாநிலம் செல்லும் நம் மக்களுக்குக் கைகூடாதா?