அறுபது நிமிட ராஜா

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் நம்ம செட் பசங்க ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் ரோபோ, இன்னொருவன் சூரிய மின்சக்தி. நான் எழுதப்போவது ஒரு பழைய கேசட்டைப் பற்றி. சிரிக்காதீர்கள்!

திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் அது இருக்கிறது. இளையராஜா தானே பாடிய பாடல்கள் மட்டும் அடங்கிய கேசட். 1992-ல் அப்பா ரெக்கார்டிங் கடையில் பதிவு செய்து வாங்கியது. மொத்தம் பன்னிரண்டே பாட்டு. இன்று போனைத் தொட்டால் ஆயிரம் பாட்டு கொட்டுகிறது. அப்படியிருக்க, பன்னிரண்டு பாட்டுள்ள ஒரு தொகுப்பு முப்பது வருஷத்துக்கு மேலாகியும் ஏன் அலுக்கவில்லை? எனக்கு ரொம்ப நாளாக இருந்த கேள்வி இது. எனக்குக் கிடைத்த விடையை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தொகுப்பு எதற்கு?

'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்று உலகம் முழுக்க ஆல்பங்கள் உண்டு. கம்பெனிக்கு இதில் செலவு குறைவு. பாட்டு ஏற்கெனவே பதிவானது, ஏற்கெனவே ஜெயித்தது. பொறுக்கி எடுத்து அடுக்கினால் போதும். ஈகிள்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் இப்படிப்பட்ட தொகுப்பு ஒன்று 1976-ல் வந்தது. அமெரிக்காவிலேயே அதிகம் விற்ற ஆல்பம் அதுதான் என்று 2018-ல் அந்நாட்டு இசைப்பதிவுச் சங்கம் சான்று கொடுத்தது. ஜமைக்காக்காரர் பாப் மார்லி 1981-ல் இறந்துபோனார். அவர் பாடல்களைத் தொகுத்து 1984-ல் 'லெஜண்ட்' வந்தது. அவரைக் கேட்டே இராதவர்களுக்கும் அதுதான் வாசற்படி ஆனது.

அதே 1976-ல்தான் நம்ம ஊர்ப் பக்கம் 'அன்னக்கிளி' வந்தது. பண்ணைப்புரத்து ராசய்யா, இளையராஜா ஆனார். பண்ணைப்புரம் அன்றைக்கு மதுரை மாவட்டம், இன்று தேனி மாவட்டம்.

ஆனால் அப்பாவின் கேசட் கம்பெனி தொகுத்தது அல்ல. எது 'ஹிட்' என்று முடிவு செய்தது விற்பனைக் கணக்கு அல்ல, ஒரு டீக்கடைப் பையன்.

டீக்கடைதான் லேப்

அப்பாவுக்கு அப்போது பதினைந்து வயசு. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். கடையில் ஒரு டேப் ரெக்கார்டர். கேசட் மாற்றுவது அப்பா வேலை. மலைக்கு வரும் பக்தர்கள், ஹார்விபட்டிப் பக்கமிருந்து வரும் மில் தொழிலாளிகள், பஸ் டிரைவர்கள் எல்லோரும் அங்கே நிற்பார்கள். எந்தப் பாட்டுக்குப் பேச்சு நிற்கிறது, எந்தப் பாட்டுக்கு "இன்னொரு டீ போடுப்பா" என்கிறார்கள் என்று அப்பா கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். நாம் லேபில் ரீடிங் எடுக்கிற மாதிரிதான்!

அப்படித் தேறியவைதான் அந்தப் பன்னிரண்டு. காசு சேர்த்து, பாட்டுகளை வாயால் சொல்ல, ரெக்கார்டிங் கடை அண்ணன் பட்டியல் எழுதிக்கொண்டார். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அட்டையில் உள்ள கையெழுத்து அந்த அண்ணனுடையது. அட்டையைப் பார்க்காமலே எந்தப் பாட்டுக்கு அடுத்து எது என்று அப்பா இன்றைக்கும் சொல்வார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்படிப் பதிவு செய்ததில் பாட்டை உருவாக்கியவருக்கு ஒரு பைசாகூடப் போயிருக்காது. அன்றைக்கு அதைத் தப்பு என்று நினைத்தவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. இன்றைக்கு நமக்குத் தெரியும். தெரிந்த பிறகு சரியான வழியில் கேட்பதுதான் முறை.

வரிசையில் இருக்கிறது சூட்சுமம்

ஏ பக்கம் 'தாய் மூகாம்பிகை' (1982) படத்துப் பாட்டோடு ஆரம்பம். கல்யாணி ராகம். முதல் பாட்டு சாமி பாட்டாக இருக்கவேண்டும் என்பது கடை வழக்கமாம். அடுத்தது '16 வயதினிலே' (1977) படத்துக் கிராமத்துப் பாட்டு. அப்படியே நிதானமாகப் போய், கடைசியில் 'நாயகன்' (1987) படத்தில் திரும்பத் திரும்ப வருமே, அந்தத் தாலாட்டா ஒப்பாரியா என்று பிரிக்க முடியாத பாட்டு. அதோடு ஏ பக்கம் முடியும். கேசட்டைத் திருப்பிப் போடும் வரை கடையில் பாய்லர் சத்தம் மட்டும்தான் கேட்குமாம்.

பி பக்கம் 'கரகாட்டக்காரன்' (1989). கடை மறுபடி கலகலப்பாகிவிடும். ஐந்தாவதாக 'ஆண்பாவம்' (1985) படத்தில் காதல் கசக்கிறது என்று ஒருவன் புலம்பும் வேடிக்கைப் பாட்டு.

நம்ம ஊர் கல்யாணத்துக்குப் பேர்போன ஊர். முருகனுக்கும் தெய்வானைக்கும் கல்யாணம் நடந்த இடம் என்பதால் முகூர்த்த நாளில் தெருவே பட்டுப்புடவையாக இருக்கும். அன்றைக்கு மட்டும் முதலாளி, "டேய், பி பக்கம் போடு. தாலி கட்டுற இடத்துல ஒப்பாரி வேணாம்" என்பாராம்.

அதனால்தான் நான் போனில் அதே பாட்டுகளைக் கலைத்துப் போட்டால் அப்பாவுக்குக் கோபம் வருகிறது. "அடுத்து இது வராதுடா" என்பார். ஒரு பாட்டு முடியும்போதே அடுத்த பாட்டு காதுக்குள் ஆரம்பித்துவிடுகிறது. நல்ல தொகுப்பின் முதல் கவர்ச்சி இதுதான் என்று நினைக்கிறேன். தனித்தனிப் படங்களுக்காகச் செய்த பாட்டுகள் சேர்ந்து ஒரே கதையாகிவிடுகின்றன.

அந்தக் குரலில் என்ன?

எஸ்.பி.பி., ஜேசுதாஸ், ஜானகி என்று எத்தனையோ பெரிய குரல்கள் ராஜாவின் மெட்டுகளைப் பாடியிருக்கின்றன. அப்பா ஏன் ராஜா குரலைத் தேடினார்? கேட்டேன். "அவரு பாடுனா நம்ம பெரியப்பா வாசல்ல உக்காந்து பாடுற மாதிரி இருக்குடா" என்றார்.

யோசித்துப் பார்த்தால் இதற்குக் காரணம் இருக்கிறது. ராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாட்டுக் கட்டிப் பாடியவர். அவரோடு ஊர் ஊராகப் போன சிறுவன் ராஜா, முதலில் பெண் குரலில் பாடினார். குரல் உடைந்த பிறகு ஆர்மோனியத்துக்கு மாறினார். திறந்தவெளிக் கூட்டத்தில் கடைசி வரிசைக்கும் வார்த்தை புரியவேண்டும். அந்தப் பழக்கம் அவர் பாட்டில் தெரிகிறது. சங்கதி குறைவு, சொல் தெளிவு. பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். 2025 மார்ச் 8-ல் லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். இவ்வளவு படித்த பிறகும் பாட உட்கார்ந்தால் பண்ணைப்புரத்துக் குரல்தான் வருகிறது. நம்மில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் இதைக் கொஞ்சம் நின்று கவனிக்கவேண்டும்.

இன்னொன்று, மெட்டுப் போட்டவரே பாடுகிறார். மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது சில விஷயம் கைமாறாமல் போகும். இங்கே மனசில் வந்தது அப்படியே வாயில் வருகிறது. சில பாட்டுக்கு வார்த்தையும் அவரே எழுதுவார். 'இதயக்கோவில்' (1985) படத்தின் தலைப்புப் பாட்டு அவர் எழுதியதுதான்.

86 மீட்டர் கணக்கு

நாம் டிப்ளமோ பசங்க, கணக்கு இல்லாமல் கட்டுரை எப்படி? கேசட்டில் டேப் ஓடும் வேகம் விநாடிக்கு 4.76 செ.மீ. சி-60 கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம், அதாவது 1800 விநாடி. பெருக்கினால் சுமார் 86 மீட்டர். ஒரு பாட்டுக்குச் சராசரி 5 நிமிடம் என்றால் பக்கத்துக்கு ஆறு. சி-90-ல் அதிகம் பிடிக்கும், ஆனால் டேப் மெல்லிசு, சீக்கிரம் சிக்கும்.

ஆக, 86 மீட்டருக்குள் அடக்கவேண்டும். ஒரு பாட்டைச் சேர்த்தால் இன்னொன்றை விடவேண்டும். விட்டதால்தான் வைத்ததற்கு மதிப்பு. இது இரண்டாவது கவர்ச்சி. என் போனில் 'ராஜா' என்று ஒரு லிஸ்ட்டில் 214 பாட்டு வைத்திருந்தேன். முழுசாக ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

நாலு விநாடி

போன வருஷம் வரை அந்தக் கேசட் எனக்கு ஒரு மாதிரி கூச்சம்தான். ஃபிரண்ட்ஸ் வீட்டுக்கு வந்தால் டேப் ரெக்கார்டர் மேல் துண்டைப் போட்டு மூடுவேன். "எல்லாம் போன்லயே இருக்குப்பா" என்று அப்பாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

ஒரு நாள் டேப் ரெக்கார்டர் தடுமாறியது. இரண்டாம் வருஷம் படிக்கிறோமே என்ற தைரியத்தில் நானே கழற்றி மாட்டி ப்ளே அழுத்தினேன். ரப்பர் ரோலர் காய்ந்து போயிருந்தது. டேப் அதில் சுற்றிக்கொண்டது. பதற்றத்தில் பிடித்து இழுத்துவிட்டேன். நிறுத்திவிட்டு ரோலரைக் கையால் பின்னோக்கிச் சுற்றியிருக்கவேண்டும். கிட்டத்தட்ட 20 செ.மீ. நீண்டு, சுருங்கி, நாசம்.

ராத்திரி ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த அப்பா பார்த்தார். "சரி விடு. போன்லதான் எல்லாம் இருக்குல்ல" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் எங்கள் லேப் சாரிடம் கேட்டேன். நீண்டுபோன டேப் பழைய நிலைக்கு வராது, வெட்டித்தான் ஆகவேண்டும் என்றார். பிளேடால் சாய்வாக வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டவைத்து, காந்தப் பூச்சு இல்லாத பின்பக்கத்தில் அதற்கென்றே உள்ள ஒட்டுநாடாவை ஒட்டச் சொன்னார். சாதாரண செலோ டேப் கூடாது. பசை கசிந்து ஹெட்டில் ஒட்டும். ரோலருக்கும் பெல்ட்டுக்கும் மதுரை டவுனில் ரெண்டு நாள் அலைந்தேன். ஹெட்டை ஆல்கஹாலால் துடைத்தேன். ஓடியது!

என் படிப்பு எங்கள் வீட்டுக்கு முதன்முதலாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

20 செ.மீ. என்றால் நாலு விநாடிக்குக் கொஞ்சம் மேல். ஒரே டேப்பில்தான் இரண்டு பக்கமும் இருக்கிறது. அதனால் ஏ பக்கத்தில் '16 வயதினிலே' பாட்டிலும், பி பக்கத்தில் 'ஆண்பாவம்' பாட்டிலும் நாலு விநாடி கிடையாது. பாட்டு அங்கே ஒரு தாவு தாவும்.

நீங்களும் செய்து பாருங்கள்

நண்பர்களே, ஒரு பயிற்சி சொல்கிறேன். உங்களுக்குப் பிடித்த ஒருவரின் பாட்டில் அறுபது நிமிடத்துக்கு மட்டும் பொறுக்குங்கள். பக்கத்துக்கு ஆறு, வரிசையும் நீங்களே. நான் செய்து பார்த்தேன். 'சேது' (1999), 'அழகி' (2002), 'விடுதலை' முதல் பாகம் (2023) என்று அப்பா கேசட்டுக்குப் பிறகு ராஜா பாடியவையே எனக்கு எட்டு தேறின. மீதி நாலுக்கு ஒரு வாரம் ஆயிற்று. எதை விடுவது என்று யோசிக்கும்போதுதான் ஒவ்வொரு பாட்டையும் உண்மையாகவே கேட்டேன்.

அப்பாவிடம் என் பட்டியலைப் படித்துக் காட்டினேன். "மொதப் பாட்டு சாமி பாட்டு இல்லையே" என்றார். மாற்றிவிட்டேன்.

அந்தக் கேசட் இப்போதும் ஓடுகிறது. துண்டு போட்டு மூடுவதில்லை. தாவுகிற இடம் வரும்போது, விட்டுப்போன அந்த நாலு விநாடியை அப்பா தன் வாயால் பாடிச் சேர்த்துக்கொள்கிறார்.