சூளை இன்றி மாறும் களிமண்

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரைத் தமிழில் செங்கற்களம் எனலாம். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கியதில், மரச்சுவரும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த கோலாலம்பூர் பெரிதும் அழிந்தது. நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் எழுப்ப வேண்டுமெனப் பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். அதற்கான செங்கல் அறுத்துச் சுடப்பட்ட வட்டாரத்தில்தான் இன்று துன் சம்பந்தன் சாலை செல்கிறது. மண்ணின் இயல்பை மாற்ற நெருப்பு வேண்டும் என்பது அன்றைய சூளைக்காரர் கண்ட உண்மை. நாமும் வகுப்பறையில், அரைப்பது இயற்பியல் மாற்றம், சுடுவது வேதியியல் மாற்றம் என்று கோடு கிழித்துச் சொல்லி வருகிறோம். அந்தக் கோடு எங்கே அழிகிறது என்பதை அதே களிமண்ணைக் கொண்டு காண்போம்.

செங்கல் மண்ணில் பல கனிமங்கள் கலந்திருக்கும். வெப்பமண்டல மண்ணில் மிகுதியாகக் காணப்படுவது கயோலினைட். இதன் படிகம் ஒரு தாள்கட்டைப் போன்றது. சிலிக்கா அடுக்கும் அலுமினா அடுக்கும் ஒட்டிய இரட்டைத் தாள்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.7 நானோமீட்டர் கனத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டுள்ளன. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. தாள்களுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்பு வலுவற்றது. சூளையின் வெப்பம் 500 டிகிரி செல்சியசை நெருங்கிக் கடக்கும்போது, அலுமினா அடுக்கிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் நீராகி வெளியேறுகின்றன. தூய கயோலினைட் தன் எடையில் ஏறத்தாழ 14 விழுக்காட்டை இழக்கிறது. தாள்கட்டின் ஒழுங்கும் குலைந்துவிடுகிறது.

இனி ஆலைக்கு வருவோம். ஆங்கிலப் பெயரை அப்படியே ‘பால் மில்’ என்று எழுதினால் படிப்பவர் பாலை நினைத்துக்கொள்வர். ஆதலின் குண்டு ஆலை என்றே வழங்குவோம். உருளை வடிவக் கலத்தில் எஃகுக் குண்டுகளையோ சிர்க்கோனியாக் குண்டுகளையோ இட்டு, பொடியைச் சேர்த்துச் சுழற்றுவர். வேகம் குறைந்தால் குண்டுகள் உருண்டு மட்டும் செல்லும். அளவு மீறினால் கலத்தின் சுவரோடு ஒட்டிச் சுற்றும். இடைப்பட்ட வேகத்தில்தான் அவை மேலேறி விழுந்து பொடியை மோதும். புவி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு கதிரவனையும் சுற்றுவதுபோல இருவகைச் சுழற்சி தரும் ஆலைகளில் மோதல் பன்மடங்கு கடுமையாகும்.

இந்த மோதலில் முதலில் நிகழ்வது நாம் எதிர்பார்ப்பதே. தாள்கள் வழுக்கிப் பிரிகின்றன, துகள் சிறுக்கிறது, மேற்பரப்பு கூடுகிறது. அரைத்தலைத் தொடர்ந்தால் கதை மாறுகிறது. எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்க்கையில், படிக ஒழுங்கைக் காட்டும் கூர்முனைகள் அகன்று, தாழ்ந்து, இறுதியில் மறைகின்றன. அடுத்தடுத்த ஹைட்ராக்சில் தொகுதிகளுக்கிடையே புரோட்டான் இடம்பெயர்ந்து நீர் மூலக்கூறு உருவாகிறது. அந்நீர் பொடியின் மீதே தங்கி, மிதமான சூட்டில் வெளியேறிவிடுகிறது. சூளை 500 டிகிரியில் செய்ததில் ஒரு பகுதி கலத்துக்குள் நடந்துவிட்டது! ஆயினும் அரைத்த மண் செங்கல் ஆகிவிடாது; துகள்களை ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கச் சூளை வேண்டும். ஆனால் ஒழுங்கு குலைந்த களிமண் சுண்ணாம்புடன் எளிதில் வினைபுரியும் என்பதால், சிமெண்டின் ஒரு பங்குக்கு மாற்றாக அதனைப் பயன்படுத்த ஆய்வுகள் நடக்கின்றன.

கிள்ளானில் மிளகாய் அரைக்கக் கொடுத்தவர்கள் தூள் சூடாக வருவதைக் கையால் உணர்ந்திருப்பர். செலுத்திய ஆற்றலின் பெரும்பகுதி அப்படி வெப்பமாகிப் போகிறது. சிறு பங்கே படிகத்தைக் குலைக்கிறது. நெடுநேரம் அரைத்தால் மேலும் நுண்மையாகும் என்பதும் தவறான எண்ணம். ஒரு கட்டத்துக்குப் பின் துகள்கள் திரண்டு ஒட்டிக்கொள்வதால் மேற்பரப்பு குறையத் தொடங்கும்.

உலோகப் பொடியில் இந்த ஒட்டுதலே பயனாகிறது. 1966இல் அமெரிக்காவில் இன்கோ நிறுவனத்தின் ஜான் பெஞ்சமின், உருகிய நிக்கலில் கலக்க இயலாத நுண்ணிய ஆக்சைடுத் துகள்களை, உருக்காமலே குண்டு ஆலையில் நிக்கல் கலவைக்குள் பரப்பிக் காட்டினார். சென்னை ஐஐடியில் வரலட்சுமி, காமராஜ், மூர்த்தி ஆகியோர் அலுமினியம், இரும்பு, டைட்டானியம், குரோமியம், துத்தநாகம், செம்பு என்னும் ஆறு உலோகங்களை அரைத்தே ஒரே நானோ படிகக் கலவையாக்கி 2008இல் வெளியிட்டனர். நமக்கு அருகில், செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில் மான்சோர் ஹஷிம் குழுவினர், இவ்வாறு அரைத்த நிக்கல் துத்தநாக ஃபெரைட்டைப் படிப்படியாகச் சூடேற்றி, அதன் காந்தப் பண்பு வளரும் முறையை ஆராய்ந்துள்ளனர்.

1820இலேயே மைக்கேல் ஃபாரடே வெள்ளிக் குளோரைடைத் துத்தநாகத்துடன் கல்வத்தில் அரைத்து வெள்ளியைப் பிரித்தார். சித்த மருத்துவர் இரசமும் கந்தகமும் சேர்த்தரைத்துப் பெறும் கரும்பொடி, பாதரச சல்பைடு என்னும் புதிய சேர்மமே. பாதரசம் நஞ்சு என்பதால் இதனை வகுப்பறையில் செய்து காட்டலாகாது. சர்க்கரையைப் பொடிப்பது இயற்பியல் மாற்றம் என்பதில் ஐயமில்லை. அதையே எல்லா அரைத்தலுக்கும் விதியாக்கும் வினாத்தாள்களைத்தான் நாம் திருத்த வேண்டும்.

ஆய்வுக்கூடம் செல்லவிருக்கும் மாணவர்க்கு ஒரு சொல். குண்டுகளும் தேயும்; எஃகுக் குண்டின் இரும்பு பொடியில் கலந்து, புதிய சேர்மம் கிடைத்ததாக மயக்கக்கூடும். அரைக்கும் முன்னும் பின்னும் குண்டுகளை எடைபோட்டுக் குறித்துக்கொள்க.