பத்மநாபபுரம் ஊட்டுப்புரை

பத்மநாபபுரம் ஊட்டுப்புரை என்பது தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கு அருகில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனை வளாகத்தில் அமைந்த விருந்து மண்டபம் ஆகும். திருவிதாங்கூர் அரசர்கள் விசேட நாட்களில் அன்னதானம் வழங்குவதற்காக இதனைப் பயன்படுத்தினர். இரண்டு தளங்களைக் கொண்ட இக்கட்டடத்தில் ஏறத்தாழ 1000 பேர் ஒரே வேளையில் அமர்ந்து உண்ண முடியும். இன்று இங்கு உணவு வழங்கப்படுவதில்லை. அரண்மனை அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியாகப் பாதுகாக்கப்படுகிறது.

பெயர்

ஊட்டு என்பது உண்பித்தலையும், புரை என்பது வீட்டையும் குறிக்கும். எனவே ஊட்டுப்புரை என்பதற்கு உணவு அளிக்கும் வீடு என்பது பொருள். இச்சொல் மலையாளத்திலும் இதே பொருளில் வழங்குகிறது. திருவிதாங்கூர் நாட்டின் பல ஊர்களில் அரசுச் செலவில் இயங்கிய உணவுச்சாலைகளும் ஊட்டுப்புரை என்றே அழைக்கப்பட்டன.

வரலாறு

பத்மநாபபுரத்தின் பழைய பெயர் கல்குளம் என்பதாகும். அரண்மனையின் தொடக்கம் 1601 ஆம் ஆண்டளவில் வைத்து எண்ணப்படுகிறது. மார்த்தாண்ட வர்மா (ஆட்சிக்காலம் 1729-1758) இதனை விரிவாக்கிப் புதுப்பித்தார். தம் நாட்டை 1750 இல் பத்மநாப சுவாமிக்கு ஒப்படைத்து, அவருடைய தாசனாக இருந்து ஆட்சி செய்தார். இவருக்குப் பின் வந்த கார்த்திகைத் திருநாள் ராம வர்மா காலத்தில், 1795 இல், தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாற்றப்பட்டது. இதனால் பத்மநாபபுரம் தன் அரசியல் முதன்மையை இழந்தது.

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எனினும் அரண்மனை தொடர்ந்து கேரள அரசின் பொறுப்பிலேயே உள்ளது. தமிழ்நாட்டின் எல்லைக்குள் அமைந்த இவ்வரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. 2014 இல் இது யுனெஸ்கோ உலக பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது.

அமைப்பு

அரண்மனையின் முகப்பையும், அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையையும் கடந்து செல்பவர்கள் ஊட்டுப்புரையை அடைவர். இது அகலம் குறைந்து நீளம் மிகுந்த கூடமாகும். பந்தி முறைக்கு இவ்வமைப்பு ஏற்றது. உண்பவர்கள் தரையில் நீண்ட வரிசைகளில் அமர, இடைவெளியில் நடந்து செல்வோர் ஒவ்வோர் இலையிலும் பரிமாறுவர். மேசை, நாற்காலி போன்றவற்றுக்கு இங்கு இடமில்லை. அரண்மனையின் பிற பகுதிகளில் காணப்படும் நுட்பமான மரச்செதுக்கு வேலைகள் இக்கூடத்தில் மிகக் குறைவு. ஊறுகாய் இட்டு வைக்கப் பயன்பட்ட பெரிய பரணிகளை இங்கு காணலாம்.

விருந்து முறை

கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள் நாஞ்சில் நாடு எனப்படுகின்றன. பத்மநாபபுரம் இதற்கு மேற்கே, கல்குளம் வட்டத்தில் உள்ளது. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக விளங்கியது. நெல், தேங்காய், வாழை ஆகிய மூன்றுமே இப்பகுதிச் சைவ விருந்துக்கு அடிப்படையாகும்.

இவ்விருந்து தலைவாழை இலையில் பரிமாறப்படுகிறது. இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்கும். உப்பேரி, இஞ்சிக்கறி, நார்த்தங்காய் ஊறுகாய், துவரன், பச்சடி, கிச்சடி, எரிசேரி, அவியல் முதலியன இலையில் இடம்பெறும். சோற்றுக்கு முதலில் பருப்பும் நெய்யும் பப்படமும், பின்னர் சாம்பார், புளிசேரி, ரசம் ஆகியனவும் வரும். அடைப்பிரதமன், சக்கைப் பிரதமன், பால்பாயசம் போன்றவை இனிப்பு வகைகள். பால்பாயசத்துடன் போளி சேர்த்து உண்பது இப்பகுதி வழக்கம். மோருடன் விருந்து நிறைவுறும். இவ்வரிசை ஊருக்கு ஊர் சற்று மாறுபடுவதுண்டு.

பிரதமனில் தேங்காய்ப் பால் சேர்க்கும் முறை குறிப்பிடத்தக்கது. நீர்த்த மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் அடையும் வெல்லமும் வேகவைக்கப்படும். கெட்டியான முதற்பால், கொதித்தால் திரிந்துவிடும் என்பதால், இறக்கும் தறுவாயில் சேர்க்கப்படும். பாயசத்துடன் பிசைந்து உண்ணப்படும் மட்டிப்பழம் இம்மாவட்டத்துக்கே உரிய வாழை வகையாகும். இதற்கு 2023 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

சமூகப் பின்னணி

திருவிதாங்கூர் ஊட்டுப்புரைகளில் இலவச உணவு பெற்றவர்கள் பெரும்பாலும் பிராமணர்களே. இதற்கான செலவு நாட்டின் வருவாயிலிருந்து செய்யப்பட்டது. அவ்வருவாயில் நெல் விளைவித்தோரின் நிலவரியும், ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் வாங்கிய தலைவரியும் அடங்கும். அவ்வாறு வரி செலுத்திய பலர் ஊட்டுப்புரையின் பந்தியில் அமர முடியாததோடு, அதன் அருகே வரவும் தடை இருந்தது. திருவிதாங்கூர் தன்னைத் தருமபூமி என்று அழைத்துக்கொண்டது. லண்டன் மிசன் சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் மேற்றீர், 1871 இல் வெளியிட்ட தமது நூலுக்கு இப்பொருள்படும் தலைப்பையே இட்டு, அத்தருமம் யாரைச் சென்றடைந்தது என்பதை விமரிசித்தார்.

இதே மாவட்டத்தில் வேறொரு பந்தியும் உருவானது. சாமிதோப்பில் வாழ்ந்த வைகுண்ட சுவாமி (1809-1851), சாதி வேறுபாடின்றி அனைவரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கவும், ஒன்றாக அமர்ந்து உண்ணவும் வழி செய்தார். அவர் திருவிதாங்கூர் அரசால் சிறை வைக்கப்பட்டு, பின் விடுவிக்கப்பட்டார். அய்யாவழிப் பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் அன்னதருமம் இன்றும் நடைபெறுகிறது. அரண்மனைக் கூடத்தின் பந்தி யார் உட்காரலாம் என்பதைக் கொண்டு உயர்வு தாழ்வை நிலைநிறுத்தியது. சாமிதோப்பின் பந்தி அதையே கொண்டு அவ்வேறுபாட்டை மறுத்தது.

பொதுவழிகளிலும் கோயில்களிலும் நுழைவதற்கான போராட்டங்கள் 20 ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றன. நாஞ்சில் நாட்டின் சுசீந்திரத்தில் 1926 இல் சத்தியாகிரகம் நடைபெற்றது. 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராசா கோயில் நுழைவு அறிவிப்பை வெளியிட்டார்.

இன்றைய நிலை

ஊட்டுப்புரை இப்போது வெறுமையான கூடமாகவே காட்சியளிக்கிறது. அனுமதிச் சீட்டுப் பெற்ற எவரும் இதனுள் சென்று பார்க்கலாம். விருந்து மரபோ மாவட்டத்தின் திருமண மண்டபங்களிலும், ஓணம் போன்ற பண்டிகை நாட்களில் வீடுகளிலும் தொடர்கிறது.

இவற்றையும் பார்க்க

பத்மநாபபுரம் அரண்மனை
நாஞ்சில் நாடு
அய்யாவழி
அவியல்