அரைக் கிலோக் கோழியும் ஆறு குஞ்சுக் கணக்கும்

கோழி வியாபாரம் என்றதும் எமது வியாபாரிகளின் நினைவுக்கு வருவது புறொய்லரும் முட்டைக் கோழியும்தான். ஐந்தாறு வாரங்களில் இரண்டு கிலோ வரை வளர்த்து, தீன் விலைக்கும் இறைச்சி விலைக்கும் இடையில் மிஞ்சும் சில ரூபாய்களை எண்ணுகின்ற தொழில் அது. தீன் விலை ஏறினால் அந்தச் சில ரூபாய்களும் போய்விடும். ஆனால் நிறை குறையக் குறைய மதிப்புக் கூடுகின்ற கோழிகளும் உண்டு. அழகுக்காக வளர்க்கப்பட்டு, சோடி சோடியாக விற்கப்படும் ‘பென்டம்’ கோழிகளே அவை.

தெமோதரை, எல்ல, பதுளைப் பகுதிகளில் கடையோடு சிறியதொரு வீட்டு வளவும் உள்ள சகோதரர்களுக்கு இது ஏற்றதொரு பக்கத் தொழிலாகும். எனினும், இறங்குவதற்கு முன் இதன் கணக்கைத் தெரிந்துகொள்வது அவசியம்.

பெயர் வந்த வழி

பென்டம் என்ற பெயர் ஜாவாத் தீவின் பாந்தென் துறைமுகத்திலிருந்து வந்தது. மிளகு வாங்கச் சென்ற ஐரோப்பிய மாலுமிகள் அங்கு கண்ட சிறிய கோழிகளை அவ்வூர்ப் பெயராலேயே அழைத்தனர். பாந்தென் அக்காலத்தில் ஒரு முஸ்லிம் சுல்தானகம். அதன் அரசவையில் மார்க்கம் போதித்த மக்காஸர் ஷெய்கு யூசுப் அவர்களைத்தான் ஒல்லாந்தர் 1684 இல் இலங்கைக்கு நாடு கடத்தினர் என்பது குறிப்பிடத்தக்கது.

இன்று உலகின் மிகச் சிறிய கோழியாகக் கருதப்படும் ‘செராமா’ மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் உருவானது. வளர்ந்த சேவலே அரைக் கிலோவைத் தாண்டாது. நெஞ்சை நிமிர்த்தி, வாலைச் செங்குத்தாக உயர்த்தி நிற்கும் அதன் தோரணைக்குத்தான் விலை. 2001 இல் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியானது.

குட்டைக்காலின் கணக்கு

குட்டைக் காலுடைய ஜப்பான் பென்டமை விரும்பி வாங்குவோர் பலர். ஆகவே சேவலும் பேடும் குட்டைக் காலாக இருக்கும்படி பார்த்துச் சோடி சேர்ப்பார்கள். நட்டம் தொடங்குவது இங்கேதான். குட்டைக்காலைத் தரும் மரபணு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் குஞ்சு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும்.

சராசரிக் கணக்குப்படி, கருக்கட்டிய 12 முட்டைகளை அடைவைத்தால் 3 முட்டைகள் வீணாகும். 6 குட்டைக் கால் குஞ்சுகளும் 3 நெட்டைக் கால் குஞ்சுகளும் கிடைக்கும். ஒன்று குட்டைக் கால், மற்றது நெட்டைக் கால் எனச் சேர்த்தால் அதே 12 முட்டைகளில் 6 குட்டையும் 6 நெட்டையும் கிடைக்கும். இந்த மரபணுவால் ஒரு முட்டையும் வீணாகாது. இரண்டு முறையிலும் குட்டைக் கால் குஞ்சுகள் ஆறுதான்! ஆகவே கழிவென்று மலிவு விலைக்குத் தள்ளிவிடும் நெட்டைக் கால் பேடு உண்மையில் வளர்ப்பவரின் முதல். அதை விற்றுவிடாமல் வைத்துக்கொள்பவரே இத்தொழிலில் நிலைப்பார்.

தெமோதரைக் குளிருக்கு

சுமார் 3,000 அடி உயரத்திலுள்ள தெமோதரையில், ஆண்டின் கடைசி மாதங்களின் மழையும் இரவுக் குளிரும் குஞ்சுகளுக்குப் பெரும் சோதனை. பொரித்த முதல் வாரத்தில் குஞ்சுக்கு 35 பாகை செல்சியஸ் அளவு வெப்பம் தேவை. பின்னர் வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைக்கலாம். மின்குமிழை மட்டும் நம்பினால் கட்டணமும் ஏறும்; மின்சாரம் நின்ற இரவில் குஞ்சுகளும் போய்விடும். பென்டம் பேடுகள் பெரும்பாலும் நன்றாக அடைகாப்பவை. சுமார் 20 நாட்கள் அடைகாத்து, குஞ்சுகளைச் சிறகுக்குள் வைத்துக் காப்பாற்ற ஒரு பேடு இருந்தால் அதற்கு மின்கட்டணம் இல்லை.

காலில் இறகு மூடிய இனங்கள் சேற்றில் நின்றால் கால் புண்ணாகும். ஆகவே மழைக் காலத்தில் தரையிலிருந்து உயர்த்திய கூடும், உலர்ந்த உமியும் வேண்டும். தோட்டப் பகுதியில் கீரியும் மரநாயும் திரிவதால் கம்பி வலையின் கண் சிறியதாக இருக்கட்டும்.

இராணிக்கட் நோய்க்கான தடுப்பு மருந்து பற்றி அரச மிருக வைத்திய அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஒரு குப்பியில் 100 கோழிகளுக்கோ அதற்கு மேலோ மருந்து இருக்கும். கரைத்தால் சில மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அயலில் வளர்க்கும் நான்கைந்து பேர் ஒரே நாளில் சேர்ந்து போட்டுக்கொண்டால் செலவு குறையும்.

கிளந்தான் தரும் பாடம்

2004 ஆகஸ்டில் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் பரவியபோது, நோயைக் கட்டுப்படுத்துவதற்காகக் கொல்லப்பட்ட பறவைகளில் செராமாக்களும் ஏராளம். பல ஆண்டுகள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வம்சங்கள் சில நாட்களில் இல்லாமற்போயின. முதல் முழுவதையும் ஒரே கூட்டில் வைக்கக் கூடாது என்பதே இதில் எமக்குள்ள பாடம். நல்ல சோடிகளில் ஒன்றிரண்டை உறவினர் வீட்டில் வைத்திருங்கள். புதிதாக வாங்கிய கோழியைக் குறைந்தது மூன்று வாரங்களாவது தனியே வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். இத்தொழிலுக்காகக் கடன் வாங்க வேண்டாம். கடையின் இலாபத்தில் மிஞ்சியதைக் கொண்டு ஒரு சேவல், மூன்று பேடுகளோடு ஆரம்பிப்பது போதுமானது. வெளிநாட்டிலிருந்து கோழியோ முட்டையோ கொண்டுவருவதற்குக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி தேவை என்பதையும் மறக்கக் கூடாது.

குறையைச் சொல்லி விற்போம்

அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் வளர்த்த சிறு பறவையைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்ததைக் கொண்டு, பறவை வளர்ப்பது ஆகுமானது என உலமாக்கள் விளக்குவர். அதேவேளை பிராணிகளை ஒன்றோடொன்று மோதவிடுவது தடுக்கப்பட்டுள்ளது. சண்டைக்கெனச் சேவல் கேட்டு வருபவருக்கு விற்காதிருப்பதே பேணுதல்.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கண்டித்தார்கள். பென்டம் வியாபாரத்தில் அந்த ஈரம் கண்ணுக்குத் தெரியாது. ஒரே தாயின் குஞ்சுகளைச் சோடியாக விற்றால் அடுத்த தலைமுறையில் பலவீனம் வெளிப்படலாம். இரண்டு குட்டைக் கால்களைச் சோடியாக விற்றால் வாங்கியவரின் முட்டைகளில் கால்வாசி வீணாகும். வாங்கும்போது அவருக்கு இவை தெரியாது, விற்பவருக்குத் தெரியும். காலில் நிற வளையம் இட்டு, எந்தச் சேவலுக்கு எந்தப் பேட்டில் பொரித்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்து, கேட்பதற்கு முன்பே அதைக் காட்டி விற்பவரிடம் வாடிக்கையாளர் மீண்டும் வருவார். பதுளையும் பண்டாரவளையும் சின்ன ஊர்கள். நல்ல பெயரும் கெட்ட பெயரும் ஒரு சந்தை நாளிலேயே பரவிவிடும். உண்மை சொல்லி விற்கும் ஆறு குஞ்சுகளில் அல்லாஹ் பரகத் செய்வான், இன்ஷா அல்லாஹ்.