பத்து பஸ், ஒரு நாள், இரண்டு மாநிலம்: வேலப்பன்சாவடியில் இருந்து ஒரு எல்லைப் பயணம்!

"அம்மா, இங்க பாரேன். டவுன் பஸ்ல ஏறி இன்னொரு நாட்டுக்கே போறாங்க!"

ராத்திரி பதினொரு மணிக்கு மகள் என் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள். தென் அமெரிக்காவில் பிரேசில், அர்ஜென்டினா, பராகுவே ஆகிய மூன்று நாடுகளும் இகுவாசு அருவிக்குப் பக்கத்தில் சந்திக்கின்றன. முதுகில் ஒரு பையோடு, ஓட்டலுக்கோ விமானத்துக்கோ பெரிதாகச் செலவழிக்காமல், பஸ் பஸ்ஸாக மாறி அந்த எல்லையைச் சுற்றுகிறவர்களின் வீடியோ அது. "வேலை கிடைச்சதும் முதல் சம்பளத்துல நானும் இப்படித்தான் போவேன், தனியா" என்றாள்.

அவள் அப்பா வழக்கம்போல "பொம்பளப் பிள்ளை தனியாவா?" என்று தொடங்கினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பத்தாறு வயதில் நானும் தனியாக ஊர் சுற்றியதில்லை. கோயில் டூர் வேனில் போனதோடு சரி.

மறுநாள் காலை காபி போடும்போது ஒரு யோசனை. "பிரேசில் இருக்கட்டும்டி. நம்ம எல்லையை முதல்ல பஸ்லயே சுத்திட்டு வரலாம், வர்றியா?"

எங்கள் வேலப்பன்சாவடியில் நின்றால் பெங்களூரு நெடுஞ்சாலையில் வெளியூர் பஸ்கள் நிற்காமல் பறக்கும். அவற்றை நாங்கள் கண்டுகொள்ளவில்லை. காலை ஆறு மணிக்கு இரண்டு தண்ணீர் பாட்டில், எலுமிச்சை சாதம், ஆளுக்கு ஐந்நூறு ரூபாயோடு பூந்தமல்லி டவுன் பஸ்ஸில் ஏறினோம்.

நம் வீட்டுத் தண்ணீர் வரும் வழி

பூந்தமல்லியில் திருவள்ளூர் பஸ், திருவள்ளூரில் ஊத்துக்கோட்டை பஸ். பூண்டி ஏரி இந்தப் பக்கம்தான். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடிக்கப்பட்டு, சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்துக்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கிருஷ்ணா நீர் சென்னைக்கு வருவதற்கான ஒப்பந்தத்தில் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் கையெழுத்திட்டது 1983-ல். அந்தத் தண்ணீர் ஆந்திராவின் கண்டலேறு அணையில் இருந்து 152 கிலோமீட்டர் கால்வாயில் ஓடி வந்து, ஊத்துக்கோட்டை அருகே எல்லையைத் தொடுகிறது. அந்த இடத்துக்கு 'ஜீரோ பாயின்ட்' என்று பெயர். அங்கிருந்து 25 கிலோமீட்டரில் பூண்டி. பூண்டியில் இருந்து இணைப்புக் கால்வாய் வழியாக எங்கள் பக்கத்துச் செம்பரம்பாக்கம் ஏரிக்கும் தண்ணீர் போகிறது. 1996-ல்தான் முதன்முதலாகக் கிருஷ்ணா நீர் பூண்டிக்கு வந்தது.

"அப்போ நம்ம தண்ணி நமக்கு முன்னாடியே இந்த எல்லையைத் தாண்டியிருக்கு" என்றாள் மகள்.

கோடு எங்கே?

ஊத்துக்கோட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தோம். சில நிமிடங்களில் சுருட்டப்பள்ளி. கடைப் பலகைகள் ஜிலேபி ஜிலேபியாகத் தெலுங்குக்கு மாறியதைத் தவிர, மாநிலம் மாறியதற்கு வேறு அடையாளம் கண்ணில் படவில்லை. மண், வேப்பமரம், வெயில் எல்லாம் அதேதான்.

ஆரணி ஆற்றங்கரையில் பள்ளிகொண்டீஸ்வரர் கோயில். சிவனை லிங்கமாகப் பார்த்துப் பழகிய நமக்கு, இங்கே அவர் படுத்திருப்பதே ஆச்சரியம். ஆலகால விஷத்தை உண்ட களைப்பில் பார்வதியின் மடியில் தலைவைத்துச் சாய்ந்திருக்கிறார். பிரதோஷ நாளில் கூட்டம் நெரியும். நாங்கள் போனது சாதாரண நாள். நிதானமாகப் பார்த்தோம்.

அடுத்து நாகலாபுரத்துக்கு ஆந்திர அரசு பஸ். "எக்கண்டி, எக்கண்டி" என்று கூவிய கண்டக்டர், நாங்கள் தமிழில் பேசியதும் "ஏறுங்கம்மா, சீட்டு இருக்கு" என்றார்.

எல்லைக் கோட்டை அந்த பஸ்ஸில்தான் பார்த்தோம். பக்கத்து சீட்டுப் பெண் ஆதார் அட்டையைக் காட்டினார். பணம் வாங்காமல் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார் கண்டக்டர். 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திராவில் பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸிலும் எக்ஸ்பிரஸ்ஸிலும் இலவசம். ஆனால், அந்த மாநில முகவரி இருக்க வேண்டும். நாங்கள் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினோம். நம் ஊர் டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு இலவசம். எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. அதே பெண் பூந்தமல்லிக்கு வந்தால் சும்மாவே பயணம் செய்யலாம்!

நாகலாபுரம் என்ற பெயர் கிருஷ்ணதேவராயரின் தாயார் நாகலாதேவியால் வந்தது என்கிறார்கள். இங்குள்ள வேதநாராயணப் பெருமாள் மீன் வடிவில், மச்ச அவதாரமாக இருக்கிறார். கோயில் மேற்கு பார்த்தது. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் சில நாள் மாலை வெயில் நேராகக் கருவறைக்குள் போய் மூலவர் மேல் விழும். அதைப் பார்க்கவென்றே இன்னொரு முறை வர வேண்டும். கோபுரத்தின் நிழலில் உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தைக் காலி செய்தோம்.

பாட்டியின் தெரு

நாகலாபுரத்தில் இருந்து பிச்சாட்டூர், நாராயணவனம் வழியாகப் புத்தூர். சென்னையில் தெருவுக்குத் தெரு பார்க்கிற 'புத்தூர் கட்டு' பலகைகளுக்கு மூல ஊர் இதுதான். எலும்பு முறிவுக்கு மூலிகை வைத்துக் கட்டும் வைத்தியம் இங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. என் சித்தப்பா கை உடைந்தபோது வந்திருக்கிறார். முதலில் எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

அடுத்தது நகரி. இந்தப் பயணத்துக்கு நான் இந்த வழியைத் தேர்ந்தெடுத்ததே இந்த ஊருக்காகத்தான். அதுவரை மகளிடம் சொல்லவில்லை.

என் அம்மாவின் அம்மா நகரியில் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்தவர். திருத்தணிப் பக்கம் வாழ்க்கைப்பட்டார். அவர் காலத்தில் இரண்டு ஊரும் ஒரே சித்தூர் மாவட்டம். 1953-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போனது. திருத்தணியைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார்கள். படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நமக்கு வந்தது. நகரியும் புத்தூரும் அங்கேயே நின்றன. பாட்டியின் புகுந்த வீடு ஒரு மாநிலம், பிறந்த வீடு வேறு மாநிலம். ஆனாலும், மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் வந்துகொண்டுதான் இருந்தார். அவர் போன பிறகு எங்களில் யாரும் போகவில்லை.

தெருப் பெயர் மட்டும் நினைவில் இருந்தது. விசாரித்துப் போனோம். வீடு இருந்த இடத்தில் மாடிக் கட்டடம். பக்கத்து வீடுகளில் இருந்து விசைத்தறிச் சத்தம் கேட்டது. திண்ணையில் பூ கட்டிக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் பாட்டியின் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும், "உக்காருங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றார், சுத்தமான தமிழில்.

உள்ளே இருந்து பேரன் வந்தான். தமிழில்தான் பேசினான். மகள் பையில் இருந்த தமிழ்ப் பத்திரிகையை எடுத்துப் படங்களைப் புரட்டினான். "படிப்பியாப்பா?" என்று கேட்டேன். "பேசுவேன் ஆன்ட்டி, படிக்க வராது. ஸ்கூல்ல தெலுங்குதான்" என்றான்.

"நான்தான் இந்தத் தெருவுல தமிழ் லெட்டர் படிச்சுச் சொல்வேன். இப்ப யாரும்மா லெட்டர் போடுறாங்க?" என்றார் பெரியம்மா. கிளம்பும்போது பத்திரிகையை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தாள் மகள்.

நீங்களும் போகலாம்

நகரியில் இருந்து திருத்தணி, திருத்தணியில் இருந்து திருவள்ளூர், அங்கிருந்து பூந்தமல்லி, பிறகு வேலப்பன்சாவடி. பத்தாவது பஸ்ஸில் இருந்து இறங்கியபோது இரவு ஒன்பதரை. பஸ், ஷேர் ஆட்டோ, டீ, டிபன் எல்லாம் போக இருவர் கையிலும் காசு மிச்சம்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

* காலை ஆறு மணிக்கே கிளம்புங்கள். மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள்.
* சில்லறை நிறைய வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்து பஸ்ஸில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கண்டக்டர் முறைப்பார்.
* ஆந்திர பஸ்ஸில் ஊர்ப்பெயர் தெலுங்கில் இருக்கும். தயங்காமல் தமிழில் கேளுங்கள், எல்லை ஊர்களில் பதில் கிடைக்கும்.
* ஆரணி ஆற்றில் வெள்ளம் வந்தால் ஊத்துக்கோட்டைப் பக்கம் போக்குவரத்து பாதிக்கப்படலாம். மழைக்காலத்தில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.
* திருத்தணியில் இருந்து இரவு வெகு நேரம் ஆவதற்குள் புறப்பட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது மகள் சொன்னாள். "அடுத்த மாசம் காளஹஸ்தி போறேன்மா. நீ வர வேணாம்."

தெருவிளக்கு வெளிச்சத்தில் அவளைப் பார்த்தேன். காலையில் இருந்து எந்த பஸ், எங்கே இறங்குவது, எவ்வளவு சில்லறை என்று எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. நான் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து வந்தேன், அவ்வளவுதான்.

"சரி, போ. போன் பண்ணா மட்டும் எடு" என்றேன். அவள் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.